காருக்கு முதல் பந்தி

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்ட பிறகு, எங்கள் பஸ் ஓடுவதை விட்டுவிட்டுக் கோழி வளர்க்க ஆரம்பித்தது. அம்பாசமுத்திரத்துக்கும் பாபநாசத்துக்கும் இடையே புழுதி கிளப்பிக்கொண்டிருந்த வண்டி ஷெட்டில் நின்றது. பின் ஆசனத்தில் ஒரு கோழி அடை காத்தது. சர்க்கார் கொடுத்த கூப்பனுக்குக் கிடைத்த பெட்ரோல் பாபநாசம் போய்ச் சேரப் போதும். திரும்பி வருவதற்கு அகஸ்தியர்தான் வழி பண்ண வேண்டும்.

இந்த நிலையில் மோட்டார் அதிகாரி ஒரு நாள் ஷெட்டுக்கு வந்தார். கோழியைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "கரிவாயு யந்திரம் பொருத்திச் சித்திரை விஷுவுக்குள் வண்டியை ஓட்டிக் காட்டும். இல்லாவிட்டால் ரூட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரூட் போனால் எனக்குச் சோறு போகும். அது பெரிய விஷயமில்லை. நிலம் கொஞ்சம் உண்டு. ஆனால் டிரைவர் சுப்பையா, "சாமி, விசுவுக்குள்ள வண்டி ஓடலன்னா நான் பட்டாளத்து லாரிக்குப் பேர் கொடுத்திருதேன்" என்று சொல்லிவிட்டான். பட்டாளத்து லாரி பர்மா எல்லை வரைக்கும் போகும். போகிற லாரிகள் எல்லாம் திரும்பி வருவதாக யாரும் சொல்லவில்லை. அவன் மனைவி எங்கள் வீட்டுக் கொல்லைப் பக்கம் வந்து என் மனைவி மீனாட்சியிடம் அழுதாள். மீனாட்சி என்னிடம் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

கரிவாயு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வண்டியின் முதுகில் ஒரு பெரிய தகர டிரம்மைக் கட்டுவது. அதில் அடுப்புக்கரியைப் போட்டுப் பற்றவைப்பது. அதிலிருந்து வருகிற வாயுவைக் குழாய் வழியாக இன்ஜினுக்குக் கொடுத்து, "இதுதான் பெட்ரோல்" என்று அதை நம்பவைப்பது. இன்ஜின் சில சமயம் நம்பும்.

பம்பாய் மாட்டுங்காவில் இருக்கும் என் அக்கா புருஷர் ராமநாதன், பாலக்காட்டுக்காரர், பெரிய கம்பெனியில் ஹெட் கிளார்க். தம்முடைய பேபி காருக்கு இப்படி ஒரு டிரம் கட்டியிருப்பதாகவும், கட்டினவன் தாராவியில் பட்டறை வைத்திருக்கும் நம் திருநெல்வேலிக்காரன் என்றும், கார் பெட்ரோல் வாசனையையே மறந்துவிட்டது என்றும் எழுதியிருந்தார். பம்பாய்க்குப் புறப்பட்டேன்.

தாதர் ஸ்டேஷனுக்கு அத்திம்பேர் ராமநாதன் வந்திருந்தார். நடந்து.

"கார்லேதான் வந்திருப்பேன். ஆனா வீணா எதுக்குக் கரியைச் செலவழிக்கணும்? பெட்டி கனமில்லையே?" என்றார்.

பெட்டி கனம்தான். நான்தான் சுமந்தேன். எங்கள் ஊரில் கார் வைத்திருப்பவன் நடந்து போனால், காரை விற்றுவிட்டான் என்று பேசுவார்கள். மாட்டுங்காவில் அவனுக்கு மரியாதை கூடுகிறது. வழியில் எதிர்ப்பட்ட இரண்டு கனவான்கள் அத்திம்பேரைப் பார்த்து, "இன்னிக்கும் வண்டியை எடுக்கல்லையா? பேஷ்!" என்று பாராட்டினார்கள். பக்கத்தில் பட்டாளத்து லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு யாரும் கூப்பன் கேட்டதாகத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் கார் நின்றது. முதுகில் டிரம், பக்கத்தில் குழாய், முகப்பு விளக்குகளில் பாதி வரை கறுப்புச் சாயம். வெளிச்சம் தெரிந்து எதிரி குண்டு போட்டுவிடக் கூடாதாம். அந்தக் காரைப் பார்த்தால் எதிரி குண்டை மிச்சம் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மாடி ஏறியதும் அக்கா, "வாடா சங்கரா. கைகால் அலம்பிண்டு உக்காரு. காப்பி கொஞ்சம் நாழியாகும்" என்றாள்.

"பால் இல்லையா?"

"பால் இருக்கு. பொடி இருக்கு. அடுப்புக்குக் கரி இல்லை. நான் டிப்போவிலே காலையிலேர்ந்து க்யூவிலே நின்னு வாங்கிண்டு வருவேன். வந்ததும் உங்க அத்திம்பேர் காருக்கு எடுத்து வச்சுடுவார். இந்தாத்துலே காருக்குத்தான் முதல் பந்தி. மனுஷாளெல்லாம் ரெண்டாம் பந்தி."

அத்திம்பேர் காதில் விழாதவர் மாதிரி பேப்பரைப் பிரித்தார்.

மறுநாள் காலை என்னைக் கிங்ஸ் சர்க்கிளுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு மரத்தடியில் கார் வைத்திருக்கும் கனவான்கள் கூடுகிறார்கள். யாருமே காரில் வருவதில்லை. பெட்ரோல் காலத்தில் ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்று பேசுவார்களாம். இப்போது ஒரு மூட்டைக்கு எத்தனை மைல். ஒருவர் ஹார்ன் அடிப்பதில்லை. பாட்டரி செலவாகும் என்று தலையை வெளியே நீட்டி "ஹட்டோ, ஹட்டோ" என்று கத்துகிறார். இன்னொருவர் செருப்பின் கனம் வண்டிக்கு ஆகாது என்று வெறுங்காலோடு ஓட்டுகிறார். மூன்றாமவர் மாமியாரை வண்டியில் ஏற்றுவதில்லை. அவர் சொன்ன காரணம் மைலேஜ்.

அத்திம்பேருடைய முறை எல்லாவற்றையும் தூக்கியடித்தது. இறக்கம் வந்தால் இன்ஜினை அணைத்துவிடுவார். ஏற்றம் வந்தால் ஏறியிருப்பவர்களை இறக்கிவிடுவார். அவர் சொன்ன மைல் கணக்கைக் கேட்டு வெறுங்கால்காரர் குனிந்து தம் காலைப் பார்த்துக்கொண்டார். வாடகைக் குதிரை வண்டிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தவன், பக்கத்து வண்டிக்காரனிடம் மராத்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தான். என்னவென்று கேட்டேன். "'இவர்கள் காரை விற்றுவிட்டு மரத்தையே வாங்கியிருக்கலாம், அதுவும் நின்ற இடத்தில்தான் நிற்கும், செலவும் இல்லை' என்கிறான்" என்று ஒருவர் மொழிபெயர்த்தார். அவருக்குக் கார் கிடையாது; அதனால்தான் தைரியமாகச் சொன்னார்.

திரும்பும்போது கேட்டேன்: "ஆபீசுக்கு எதில் போகிறீர்கள்?"

"ரயில்லேதான். பாஸ் இருக்கே."

"அப்படியானால் காரை எப்போதுதான் ஓட்டுவது?"

"ஞாயித்துக்கிழமை."

"எங்கே?"

"பாண்டுப்புக்கு. அங்கேதான் கரி நன்னாக் கிடைக்கறது."

கரி வாங்குவதற்காகக் கரியை எரித்துக்கொண்டு போய், வாங்கிய கரியில் பாதியை எரித்துக்கொண்டு திரும்புகிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு படியேறினேன். எதிரே பக்கத்து வீட்டு விசாலம் மாமி ஒரு கூடையோடு வந்தாள். கூடை நிறையத் தேங்காய்ச் சிரட்டை. ஒவ்வொன்றுக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டிருந்தாள்.

"ஹோமம் என்னிக்குன்னு நிச்சயமாச்சோ?" என்று அத்திம்பேரைக் கேட்டாள்.

"ஆறது, ஆறது. நல்ல நாள் பார்த்துண்டிருக்கேன்" என்று சொல்லிக் கூடையை வாங்கிக்கொண்டு அவசரமாக உள்ளே போய்விட்டார்.

மாமி என்னிடம் விளக்கினாள்: "லோகத்துலே யுத்தம் நிக்கணும்னு உங்க அத்திம்பேர் பெரிய ஹோமம் பண்ணப் போறாராம். அக்னியிலே போடற சமித்து சிரட்டைதானாம். எந்த சாஸ்திரமோ, நான் கேக்கல்லை. கட்டிடத்துலே எல்லாரும் சேத்துக் கொடுக்கறோம். இப்படியொரு மனுஷன் யாருக்குக் கிடைப்பா?"

பாலக்காட்டுச் சமையலில் தேங்காய் இல்லாத பதார்த்தம் கிடையாது. அந்தக் கட்டிடத்தில் சேரும் சிரட்டைக்கு ஹோமம் என்ன, அஸ்வமேதமே நடத்தலாம். மைலேஜ் பைத்தியத்துக்கு நடுவில் இப்படி ஒரு பக்தியா என்று நான் அத்திம்பேரை மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன்.

அடுத்த நாள் தாராவிக்குப் போனேன். பேச்சிமுத்துவின் பட்டறை தகர டிரம்களுக்கு நடுவில் எங்கேயோ இருந்தது. குரல்தான் முதலில் வந்தது.

"அம்பாசமுத்திரமா? நமக்கு நாங்குனேரிப் பக்கம். உக்காருங்க சாமி. டீ குடிக்கேளா? இந்த ஊர்ல யாரு பாக்கப்போறா, குடிங்க."

குடித்தேன். அக்கா வீட்டில் காத்திருந்து குடித்த காப்பியைவிடச் சூடாக இருந்தது. எங்கள் ஊரில் இதைக் குடித்திருந்தால் சாயங்காலத்துக்குள் அக்கிரகாரம் கூடியிருக்கும்.

பேச்சிமுத்துவுக்கு அடக்கம் என்பது தெரியாது. "பம்பாயில டிரம்மு கட்டுதவன் நூறு பேரு இருக்கான். எல்லாம் கராப் மால், மட்டச் சரக்கு. நம்ம மால் பக்கா. மலையில வைங்க, ஏறும். மானத்துல வைங்க, பறக்கும்" என்றான். பஸ்ஸுக்கு ஏற்ற பெரிய யந்திரம் ஒன்று தயாராக நின்றது. அதை அவன் தடவிக் கொடுத்தான். "ஆனா ஒண்ணு, திங்கக்கெழம கல்யாண் ஊர்லேர்ந்து ஒரு பார்ட்டி வருது. அதுக்குள்ள சொல்லிரணும். அடுத்தது எப்பம்னு கேக்காதீங்க. தகரம் கெடைக்கல."

அடுத்ததற்குக் காத்திருந்தால் விஷு போய்விடும். சுப்பையாவும் போய்விடுவான்.

"ஓடிப் பார்க்காமல் எப்படி வாங்குவது?"

"நம்ம அய்யர் கார் ஓடுதுல்லா? அதும் நம்ம கைதான். ஆளு நெறைய ஏத்திக்கிட்டு ஒரு மேட்டுல ஏறிக் காட்டுதேன். அந்தச் சின்ன வண்டி அஞ்சு பேரோட ஏறிச்சுன்னா ஒங்க பஸ்ஸு பாபநாசத்துல ஏறாதா?"

கணக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அன்று சாயங்காலம் அத்திம்பேர் காரை ஆராய்ந்தபோது, முன் ஆசனத்துக்கு அடியில் ஒரு சிறு தகர டப்பா, அதிலிருந்து இன்ஜினுக்கு ஒரு மெல்லிய குழாய், அதைத் திறந்து மூட ஒரு திருகு இருப்பதைக் கண்டேன். பெட்ரோல்.

"ஸ்டார்ட் பண்றதுக்கு மாத்திரம். ரெண்டே சொட்டு" என்றார் அத்திம்பேர். மரத்தடியில் சொன்ன மைல் கணக்கில் அந்தச் சொட்டுகள் சேர்த்தியா என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகச் செம்பூருக்குப் போவது, வழி மேட்டிலேயே பரீட்சை என்று ஏற்பாடு. அங்கே அக்காவின் சிநேகிதி பங்கஜத்தின் பெண்ணுக்கு வளைகாப்பு. செம்பூர்ப் பக்கம் ஒரு வாரமாகக் கரியே வரவில்லையாம். ஆகவே அக்கா வெள்ளிக் கிண்ணம் வாங்கவில்லை. எப்படியோ அத்திம்பேர் கண்ணில் படாமல் சேர்த்த ஒரு மூட்டை கரியைத்தான் சீராகக் கொண்டு வந்தாள். மூட்டை வாயை ஒரு சிவப்புப் பட்டுக் கயிற்றால் கட்டியிருந்தாள். "இது அவாத்துச் சமையலுக்கு. யாரும் தொடப்படாது" என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டாள்.

அத்திம்பேர் டிரம்மில் நெருப்பு மூட்டி, அடுக்களை விசிறியால் விசிறினார். விசிறின நேரத்தில் தாதருக்கு நடந்து போய்வந்திருக்கலாம். பிறகு ஏறினோம். அத்திம்பேர் ஓட்ட, பக்கத்தில் நான். பின்னால் அக்கா, விசாலம் மாமி, கரி மூட்டை. காரின் பக்கப் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு பேச்சிமுத்து. கையில் டிரம்மைக் கிளறுகிற கம்பி.

சயான் தாண்டி ஓர் ஏற்றம். எங்கள் ஊரில் அதற்கு ஏற்றம் என்று பெயர்கூட வைக்கமாட்டார்கள். கார் பாதி ஏறியது, இருமியது, கறுப்பாகப் புகைவிட்டது, நின்றுவிட்டது.

மனத்தில் சுப்பையாவின் மனைவி முகம் வந்தது. சமதரையில் நின்றிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஏற்றத்தில் அல்லவா நின்றுவிட்டது!

பட்டாளத்து லாரி ஒன்று எங்களைக் கடந்து ஏறியது. அதிலிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் புகையைப் பார்த்து, ரொட்டி எப்போது வெந்து முடியும் என்று இங்கிலீஷில் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"உன் டிரம் ஓட்டை!" என்றார் அத்திம்பேர்.

"நம்ம மால்ல ஓட்டையா? ஒங்க கரிதான் கராப்!" என்று பேச்சிமுத்து கீழே குதித்தான். டிரம் மூடியைத் திறந்து கம்பியால் கிளறி, உள்ளே இருந்ததை ரோட்டில் இழுத்துப் போட்டான்.

கரி கொஞ்சம்தான் வந்தது. மற்றதெல்லாம் சிரட்டை. பாதி எரிந்த சிரட்டை, எரியாத சிரட்டை. எரியாததில் மஞ்சளும் குங்குமமும் வைத்தது வைத்தபடி இருந்தன.

விசாலம் மாமி காரிலிருந்து இறங்கினாள். ஒரு சிரட்டையைக் கையில் எடுத்தாள். "இது எங்காத்துச் சிரட்டை" என்றாள். பிறகு அத்திம்பேரைப் பார்த்து, "இதானா ஓய் உங்க ஹோமம்?" என்றாள். அந்த அம்மாள் அவரை ஓய் என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அக்னியிலேதானே போட்டிருக்கேன்" என்றார் அத்திம்பேர்.

"பச்சச் சிரட்டையப் போட்டா கீலு ஊறிக் கொழாய அடைக்கும். மொதல்ல சுட்டுக் கரியாக்கணும்" என்று பேச்சிமுத்து கத்தினான்.

"எல்லாம் கடைசியிலே கரியாத்தானே ஆகப்போறது? அதை உள்ளே போய் ஆகட்டுமேன்னு பார்த்தேன்" என்றார் அத்திம்பேர். ஹெட் கிளார்க்கின் தர்க்கம். பாண்டுப்புக்குப் போகிற கரியும் மிச்சம், விலையும் மிச்சம், மரத்தடியில் பெயரும் மிச்சம்.

குழாயைக் கழற்றி, அக்காவின் பழைய துணி ஒன்றைக் கம்பியில் சுற்றிப் பேச்சிமுத்து துடைத்தான். தார் மாதிரி வழிந்தது. துடைத்து முடித்து, "இனிமே நல்ல கரி வேணும்" என்றான். எல்லோரும் அக்கா மடியைப் பார்த்தோம்.

"மாட்டேன்" என்றாள் அக்கா. "பங்கஜம் அடுப்பு மூட்டாம காத்துண்டிருப்பா. புள்ளைத்தாச்சிப் பொண்ணு."

"அக்கா, இது ஏறுகிறதா இல்லையா என்று இன்றைக்குத் தெரியாவிட்டால் நாளைக்கு யந்திரம் கல்யாணுக்குப் போய்விடும். சுப்பையா பட்டாளத்துக்குப் போய்விடுவான்" என்றேன். என் குரல் கெஞ்சியது, வெட்கப்படவில்லை.

அக்கா பட்டுக் கயிற்றை அவிழ்த்து மூட்டையை நீட்டினாள். "உனக்காக இல்லை. அந்த டிரைவர் பொண்டாட்டிக்காக" என்றாள்.

மறுபடியும் விசிறி, மறுபடியும் புகை. இன்ஜின் உறுமியது. இப்போது ஓட்டுகிற ஆசனத்தில் பேச்சிமுத்து, அத்திம்பேர் படிக்கட்டில். வண்டி நகருமுன் பேச்சிமுத்துவின் கை ஆசனத்துக்கு அடியிலிருந்த திருகைத் தேடி மெல்லப் போவதைக் கண்டேன். சட்டென்று குனிந்து, குழாயைப் பிடுங்கிவிட்டு, பெட்ரோல் டப்பாவை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் நெருப்பு, மடியில் பெட்ரோல். இப்படி ஒருவன் பிரயாணம் செய்யக்கூடாதுதான்.

பேச்சிமுத்துவின் முகம் சிறுத்துவிட்டது. "சாமி, அது இல்லாம..."

"இல்லாமல் ஏறுமா, ஏறாதா?"

அவன் யோசித்தான். "ஏறும்... ஏறும்னுதான் நெனைக்கேன்" என்றான். பம்பாயில் வண்டியைப் பற்றி நான் கேட்ட முதல் உண்மை அதுதான்.

இதற்குள் விசாலம் மாமி கீழே நின்றுகொண்டு, "இந்த மனுஷன் தொத்திண்டு வர வண்டியிலே நான் ஏறமாட்டேன்" என்றாள். பாரம் குறைந்தால் பரீட்சை எப்படிச் சரியாகும்? மாமியைக் கும்பிட்டு ஏற்றினேன். மாமியார் கனத்துக்குப் பயந்த கனவானை நினைத்துக்கொண்டேன். எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அந்தக் கனம்தான்.

கார் நகர்ந்தது. முனகியது. ஒரு மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. வண்டிக்காரன் திரும்பிப் பார்த்து இந்தியில், கயிறு இருக்கிறது, கட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்டான். கேலிக்கு அல்ல, நிஜமாகவே கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினேன். வாயைத் திறந்தால் கார் நின்றுவிடும் என்று பயம். பேச்சிமுத்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். படிக்கட்டிலிருந்த அத்திம்பேர், கனம் குறையட்டும் என்றோ என்னவோ, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

ஏறிவிட்டது. ஏற்றத்தின் தலைக்கு வந்ததும் பேச்சிமுத்து, "பாத்தீங்களா, மலையில வைங்கன்னு சொன்னேன்ல!" என்று பழைய குரலுக்குத் திரும்பினான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

செம்பூரில் வாசலெல்லாம் கோலம். உள்ளே அரிசி களைந்து வைத்திருந்தது, காய் நறுக்கி வைத்திருந்தது, அடுப்பு சுத்தமாக மெழுகி வைத்திருந்தது. பங்கஜம் ஓடிவந்து, "கரி கொண்டு வந்தாயோ?" என்று கேட்டாள். அக்கா காலி மூட்டையையும் சிவப்புக் கயிற்றையும் கொடுத்தாள்.

வளையல் அடுக்கினார்கள், பாட்டுப் பாடினார்கள். பிறகு ஆளுக்கு ஒரு பிடி அவல், வெல்லம், வாழைப்பழம், மோர். அந்தப் பெண் இரண்டு கையும் கலகலக்க அவலை மென்றுகொண்டு, "பாயசம் உண்டுன்னு சொன்னாளே" என்று தாயாரை மெல்லக் கேட்டது எனக்குக் கேட்டது. கையிலிருந்த அவலைத் திரும்ப வைத்துவிட்டேன்.

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உன் பஸ் ஓடும். ஒத்துக்கறேன். ஆனா ஒரு பேபி கார் ஒரு மேடு ஏற ஒரு வளைகாப்புச் சமையல் போச்சு. அத்தாம் பெரிய பஸ் எத்தனை பேராத்து அடுப்பை முழுங்கும்னு யோசிச்சியோ?"

யோசிக்கவில்லை. யோசித்தால் வாங்கமாட்டேன் என்று தெரிந்திருந்தது. மறுநாள் கல்யாண்காரர் வருவதற்கு முன்னால் தாராவிக்குப் போய் யந்திரத்தைப் பேசி முடித்துவிட்டேன். அத்திம்பேர் அன்று காலை மரத்தடிக்குப் போகவில்லை. விசாலம் மாமி கட்டிடம் முழுவதும் சொல்லியிருந்தாள். படியில் எதிர்ப்பட்ட ஒவ்வொருத்தியும் அவரிடம் பிரசாதம் கேட்டாள்.

ஊர் வந்து சேர்ந்தேன். கோழியைக் காலி செய்தோம். யந்திரத்தைப் பஸ்ஸின் முதுகில் பொருத்தினோம். அதிகாரி வந்து, டிரம் நிஜமாகச் சுடுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். சுட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டே சம்மதம் சொன்னார். விஷுவன்று பஸ் பாபநாசத்துக்கு ஏறியது. பக்கத்தில் நடந்து வந்த ஜனங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தவர்களோடு ஊர்வம்பு பேசிக்கொண்டே வந்தார்கள், பேச்சு அறுபடவில்லை. சுப்பையா கழுத்து வரை கரி பூசிக்கொண்டு, "பட்டாளத்துக்குப் போயிருந்தா தொரை மாதிரி லாரி ஓட்டியிருப்பேன்" என்று முணுமுணுத்தான். அவன் மனைவி கோயில் வாசலில் நின்று பஸ்ஸைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்த ஒரு கும்பிடுக்காக நான் இன்னொரு முறைகூட மடியில் பெட்ரோலோடு போவேன்.

இரண்டு வாரத்தில் ஊர்க் கடைகளில் கரிக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒரு நாள் காலை எழுந்து காப்பிக்காக உட்கார்ந்தேன். டம்ளர் வரவில்லை. வெளியே பஸ் புறப்படுகிற சத்தம் கேட்டது.

"காப்பி?" என்றேன்.

"அதோ போறதே, அது குடிச்சாச்சு" என்றாள் மீனாட்சி, அடுக்களையிலிருந்து.

எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்பில் சாம்பல். கரிக்கூடை காலி. நாளைக்குப் பஸ்ஸுக்கு என்ன செய்வது என்று நினைத்தபடி நின்றேன். மீனாட்சி அரிவாள்மணையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். என் பார்வை எங்கே போகிறது என்று நிமிர்ந்து பார்த்தாள். துருவுவதை நிறுத்திவிட்டு, சிரட்டையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.